மூன்றாவது பிஸ்கட் டப்பா

ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் நாலு அட்டை கிடைக்கும். பின்பக்கம் வெள்ளை, அங்கே எழுதிக்கொள்ளலாம். முன்பக்கம் பாதிப் பிள்ளையாரோ, முகூர்த்த நேரத்தில் பாதியோ, மஞ்சள் தடவிய மூலையோ இருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் முழுக்க அப்படிப்பட்ட அட்டைகளில் நான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரே ஒரு அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஆசை. எட்டாவதோடு நின்றவள் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் வீடு விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். வேலை திண்டிவனத்தில், ஒரு விதைக் கிடங்கில். காலைப் பாசஞ்சரில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் சித்திரையில் பிடுங்கிய மல்லாட்டையில் நல்ல காயாகப் பொறுக்கி, மூட்டை கட்டி, பேர்ச் சீட்டு தைத்து அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில் வைத்தால் எலி. எலிக்குத் தப்பினால் பிள்ளைகள். ஆடியில் விதைக்கும்போது வந்து எடுத்துப் போவார்கள்.

எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் விதை முளைக்குமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நூறு பருப்பை எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் வரிசையாக அடுக்கி, பாய் போலச் சுருட்டித் தண்ணீர்ப் பானை ஓரம் வைப்பேன். நாலாம் நாள் பிரித்து எண்ணுவேன். அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்காது. யாருடைய விதையாக இருந்தாலும் அப்படித்தான். "இவ ஒருத்தி, சாக்குக்குள்ள இருக்கிற பருப்புக்கு மேல வேர்த்துக்கினு நிப்பா" என்று முதலாளி சொல்வார்.

எங்கள் காம்பவுண்டில் மாடி ரூம் காலியானது. அதில் ஒரு காலேஜ் டீச்சர் குடிவந்தார். கணக்கு டீச்சர். கண்டமங்கலத்துப் பக்கம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். என்னைவிட ரெண்டு வயது சின்னவர், ஆனாலும் நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். வந்த முதல் வாரமே தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்.

"அக்கா, நீங்க விதை பார்க்கிறீங்களாமே. முளைக்குமா முளைக்காதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சாக்குல சுருட்டி வப்பேன் டீச்சர்."

"அதுக்கு முன்னாடி? கையில எடுத்ததும் ஏதாவது தோணுமில்ல?"

தோணும். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கணும். உடைத்தால் தோல் ரோஸாக இருக்கணும், மங்கிப் போயிருக்கக் கூடாது. கொத்துக் காயா கொடிக் காயா என்று பார்க்கணும். களத்தில் காய்ந்ததா, பிடுங்கின இடத்திலேயே கிடந்து காய்ந்ததா. ஓட்டில் கறுப்புப் புள்ளி உண்டா. எந்த ஊர்க் காய். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் குடத்தை நிரம்பி வழியவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பதாம். நாம் பார்த்த சங்கதிகளையெல்லாம் அட்டவணையாகக் கொடுத்தால், அதிலிருந்து 'இப்படி இருந்தால் இது' என்ற விதியை மெஷினே பொறுக்கி எடுக்கணுமாம். வெளிநாட்டில் ஒருவர் அஞ்சாறு வருஷத்துக்கு முன்பு எழுதிய கணக்கை வைத்து அதைச் செய்கிறேன் என்றார். மெஷின் மெட்ராஸில் இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை போய்வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் போகணுமாம், உள்ளே அப்படிக் குளிருமாம். "கோயிலா டீச்சர்?" என்றேன். "கோயில்ல இவ்வளவு நேரம் வரிசையில நிற்க வைக்க மாட்டாங்கக்கா" என்றார்.

அப்படித்தான் அட்டைகள் வந்தன. ஒரு ஆள் கொண்டுவந்த காய்க்கு ஒரு அட்டை, மூட்டைக்கு மூட்டை முடிவு மாறினால் தனித்தனி அட்டை. அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கடைசிக் கட்டத்தில் சாக்குச் சோதனையின் முடிவு. முதலாளி வீட்டில் குவிந்துகிடந்த பழைய பத்திரிகைகளை அவர் சம்சாரம் தந்தார். அட்டைகளைப் போட மூணு பிஸ்கட் டப்பா.

முதல் டப்பாவில் நிச்சயம் முளைப்பவை. அதாவது அதே அடையாளம் உள்ள அட்டைகள் எல்லாமே முளைத்திருக்கணும். ரெண்டாவதில் நிச்சயம் முளைக்காதவை. மூணாவதுதான் விசேஷம். அடையாளமெல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று முளைத்திருக்கும், ஒன்று முளைத்திருக்காது. அந்த ரெண்டும் சேர்ந்து மூணாவது டப்பாவுக்குப் போகும். அதன் மேல் டீச்சர் சீட்டு ஒட்டினார்: 'சொல்ல முடியாது.'

"இது தப்பு பண்ணினதுக்கான டப்பாவா டீச்சர்?"

"இல்லக்கா. நம்ம கையில இருக்கிற அடையாளத்தை வச்சு இதுக்கு மேல சொல்ல முடியாதுங்கிறதும் ஒரு பதில்தான். மத்த கணக்கெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். இது தள்ளாது."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பதிலை யார் ஏற்றுக்கொண்டார்கள்? தெரியாது என்றால் பெஞ்சு மேல்தான் ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் என்னோடு திண்டிவனம் வருவார். முதலாளிக்கும் அவருக்கும் ஓயாத வாக்குவாதம். முதலாளி ஊரை வைத்துக் காய் வாங்குகிறவர். "பிரம்மதேசத்துக் காயின்னா கண்ண மூடிக்கினு எடுக்கலாம்" என்பார். ஒரு நாள் டீச்சர் எல்லா அட்டையையும் தரையில் பரப்பி, ஊர்க் கட்டத்தை மட்டும் கையால் மறைத்துப் பார்த்துவிட்டு, "ஊர் பேரை எடுத்துட்டாலும் ஒரு அட்டைகூட டப்பா மாறலைங்க. இந்தக் கட்டம் வேண்டாம்" என்றார்.

முதலாளிக்கு வந்ததே கோபம். "இன்னாம்மா பேசற? ஊரு வாணாம்னா? நாப்பது வருசமா ஊரக் கேட்டுத்தான் மூட்டயில கை வைக்கிறேன்!"

"நீங்க கேளுங்க. மெஷினுக்கு வேண்டாம்."

"அப்ப அந்த மெசினையே இங்க இட்டாந்து குந்த வையி. நான் ஊட்டுக்குப் போறேன்."

நான் சிரிப்பை அடக்க சாக்குத் துண்டை முகத்தில் பிடித்துக்கொண்டேன்.

தன் ஆராய்ச்சியில் கஷ்டமான இடம் எது என்பதையும் டீச்சர் சொல்லியிருக்கிறார். புது அட்டை ஒன்று வந்தால் பழைய அட்டை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிக்கக் கூடாது. அந்த அட்டை யாரைத் தொடுகிறதோ அவர்களை மட்டும் எடுத்துப் பார்க்கணும், மற்றவர்களைத் தூங்கவிடணும். கற்றது கற்றபடியே இருக்க, மேற்கொண்டு கொஞ்சம் கற்றுக்கொள்ளணும். "பத்து அட்டைக்கு முடியும்க்கா. பத்தாயிரம் வந்தா மெஷின் படுத்துடும். ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சா யாரால முடியும்?"

என்னால் முடியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் அப்படித்தான் இருந்தேன். பாசஞ்சர் பத்து நிமிஷம் தாமதமானால் போதும், அம்மாவின் இருமல், அண்ணனின் கிணறு, வீட்டுப் பூட்டு, போன வருஷம் யாரோ முகம் கொடுத்துப் பேசாமல் போனது, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துக் கவலைப்பட்டு முடிப்பேன்.

அந்தக் கவலைதான் இந்தக் கதைக்கும் காரணம்.

கிடங்கின் மூணு பக்கமும் செங்கல் சுவர். மேற்குப் பக்கம் மட்டும் தகரம். தகரத்தோரம் விதை மூட்டையை வைக்காதே, சூட்டில் முளை செத்துவிடும் என்று முதலாளி ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அந்தச் சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை. கிழக்குப் பக்கம் ஓடு ஒன்று விலகி ஒழுகியது. ஒழுகியது ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருக்கும். முதலாளி கால் வீக்கத்தோடு வீட்டில் படுத்திருந்தார். நனைந்தால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்தால் விதை போச்சு. மூட்டை தூக்கும் ஆளைக் கூப்பிட்டு, கிழக்கே நின்றதில் ஒன்பது மூட்டையை மேற்குத் தகரத்தோரம் மாற்றச் சொன்னேன். அதில் மூணு என் அண்ணனுடையது.

ஓட்டை மறுநாளே சரிபண்ணியாயிற்று. மூட்டையை மட்டும் நான் திருப்பவில்லை. இன்னொரு மழை வந்தால் என்ற பயம். கத்திரி வெயில் முழுக்க அவை அங்கேயே நின்றன. வைகாசி முடியும்போது ஒரு மத்தியானம் தகரத்தில் கை பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அன்றைக்கே பழைய இடத்துக்கு மாற்றினேன். முதலாளி கால் வலியால் மூட்டைகள் நிற்கும் பின்கட்டுக்கு வருவதே இல்லை. தூக்கின ஆள் வேலை தேடிப் பாண்டிச்சேரி போய்விட்டான். பார்க்கிறவர்களுக்கு எல்லா மூட்டையும் எப்போதும் கிழக்கேதான் நின்றிருந்தன.

ஆனியில் ஒன்பதில் ரெண்டைச் சோதித்தேன். ரெண்டு பேருடைய மூட்டை. பாதிகூட முளைக்கவில்லை. அதில் ஒன்று பிரம்மதேசத்துக்காரர் ஒருவருடையது. அவருடைய இன்னொரு மூட்டை மாற்றாமல் கிழக்கேயே நின்றது, அதே களத்துக் காய், அது பொலபொலவென்று முளைத்தது. "இன்னா ஊருப்பா உன் ஊரு" என்று முதலாளி அவரையே திட்டினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

டீச்சருக்கு மூணாவது டப்பாவில் அட்டை சேர்வது வருத்தமாகிவிட்டது. மெட்ராஸில் அவருடைய பேராசிரியர், இப்படிச் சந்தேகம் வருகிறதென்றால் அட்டை எழுதினவள் சரியாக எழுதவில்லை என்று சொல்லிவிட்டாராம். அதை என்னிடம் சொல்ல அவருக்கே கூச்சம்.

"நீங்க தப்பா எழுதலைன்னு எனக்குத் தெரியும்க்கா. நாம கேட்காம விட்ட அடையாளம் ஏதோ ஒண்ணு இருக்கு. மண்ணா? தண்ணியா? என்னவா இருக்கும்?"

"தெரியலையே டீச்சர்" என்றேன்.

தெரிந்திருந்தது. மீதி ஏழு மூட்டையைச் சோதிக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். சோதித்தால் செத்தது தெரிந்துவிடும், தெரிந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஆடி வரட்டும் என்று இருந்தேன். ஆடி வரவில்லை, மழை வந்துவிட்டது.

அது ஆனிக் கடைசி ஞாயிறு. வல்லத்திலிருந்து அண்ணன் டிராக்டர் வண்டியோடு வந்து நின்றான். அவனுக்கு ஒன்றரை ஏக்கர், கிணறு சித்திரையோடு வற்றிவிடும், ஆடிப் பட்டம் மானாவாரிதான், வேறு பிழைப்பு கிடையாது. அந்த மூணு மூட்டை முளைக்காவிட்டால் அந்த வருஷமே இல்லை.

"இன்னா புள்ள, ஜல்தியா மூட்டய எடுக்கச் சொல்லு. நேத்து ராத்திரி செம மழ. ஏரு கட்டிட்டு வந்துக்கீறேன்."

"டெஸ்ட் பண்ணலண்ணா இன்னும்."

முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார். "ஊரு விதைக்கெல்லாம் டெஸ்ட்டு. சொந்த அண்ணன் விதைக்கு இல்ல. நல்லா கீதும்மா நாயம்."

"நாலு நாள் பொறுத்துக்கண்ணா."

"நாலு நாளா? ஈரம் உனக்காக வரப்பு மேல குந்திக்கினு இருக்குமா? நான் பொறுக்கின காயி, எனக்குத் தெரியாதா?"

டீச்சர் அங்கேதான் அட்டையும் கையுமாக இருந்தார். உதவி செய்கிற எண்ணத்தில் அண்ணனுடைய காய்களை ஆட்டி, உடைத்து, டப்பாக்களைத் திறந்து ஒத்துப்பார்த்தார். "கலகலன்னு இருக்கு. தோல் ரோஸ். கொத்துக் காய், களத்துல காஞ்சது, புள்ளி இல்லை. இதே அடையாளத்துல மூணாவது டப்பாவுல நாலு அட்டை இருக்கு. ரெண்டு முளைச்சிருக்கு, ரெண்டு முளைக்கலை. சொல்ல முடியாதுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இன்னாம்மா, காலேஜில பாடம் எடுக்கறீங்கன்னு சொல்லிச்சி. தெரியாதுன்றதுக்கா இம்மாம் படிச்சீங்க?"

"அதைச் சரியான இடத்துல சொல்றதுக்குத்தான் அண்ணா படிச்சேன்" என்று டீச்சர் சிரித்தார்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "நல்ல காயிப்பா. எடுத்துக்கினு போயி வெத. இவங்களோட பேஜாரு." அண்ணன் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டான்.

அந்த மூட்டையின் அடியைப் பிடித்துக்கொண்டேன். "எறக்குண்ணா. இது மேற்கால நின்ன மூட்டை."

"இன்னாது?"

சொன்னேன். சொம்புத் தண்ணீர், ஒன்பது மூட்டை, தகரம், கத்திரி வெயில். முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. பிரம்மதேசத்துக்காரரைத் திட்டியது தப்பு என்பதையும் சொன்னேன். டீச்சரிடம், "நீங்க கேட்ட அடையாளம் அதுதான் டீச்சர். எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

அண்ணன் மூட்டையைக் கீழே போட்டான். "அம்மாகிட்டகூட சொல்லலியே நீ."

முதலாளி கைத்தடியை ஊன்றிப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். அத்தனை மாசத்தில் அதுதான் முதல் தடவை. தகரத்தை வெறுங்கையால் தொட்டார். மழைக்குப் பிறகு அது குளிர்ந்துகிடந்தது. "இம்மாம் நாளு வாயில இன்னா வச்சிக்கினு இருந்த? மூட்டய வச்சவங்க எல்லாம் உன்ன நம்பிப் போனவங்க. அந்த பிரம்மதேசத்தாளு மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" வேலையைவிட்டு நின்றுவிடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "கிழக்கால என் சொந்த விதை மூணு மூட்டை கீது, டெஸ்ட் ஆனது. உன் அண்ணனுக்கு ஏத்தி வுடு. அவன் மூட்டைங்க இங்க இருக்கட்டும். பாக்கி எல்லாத்தியும் இன்னிக்கே சுருட்டு. நாளைக்கு பிரம்மதேசம் போயி நீயே சொல்லிட்டு வா."

அண்ணன் புது மூட்டைகளை ஏற்றிக்கொண்டு என்னோடு பேசாமல் போனான்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூணாவது டப்பாவை மட்டும் திறந்தார். "மத்த ரெண்டையும் தொட வேண்டாம்க்கா. புதுசா ஒரு கட்டம் சேர்க்கும்போது நிச்சயமானது கலையாது. சந்தேகத்தை மட்டும் பிரிச்சா போதும்." ஒவ்வொரு அட்டையாக என்னிடம் நீட்டினார். நான் கடைசியில் ஒரு கட்டம் போட்டு 'கிழக்கு', 'மேற்கு' என்று எழுதினேன். முளைத்த ரெண்டும் கிழக்கு, முளைக்காத ரெண்டும் மேற்கு. ஒவ்வொன்றும் தன் டப்பாவுக்குப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் மூணாவது டப்பா காலி. அதைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்.

மறுநாள் பிரம்மதேசம் போய் அந்த மூட்டைக்காரரிடம் சொன்னேன். அவர், "அப்ப என் காயி நல்ல காயிதானே?" என்று மட்டும் கேட்டார். "நல்ல காயிதாங்க" என்றேன். மோர் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் நாள் சாக்குகளைப் பிரித்தேன். மற்றவர்களுடைய நாலு மூட்டையும் செத்திருந்தன. எண்ணெய்க்குத்தான் ஆகும். அந்த நாலு பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வேறு விதை பார்த்துக்கொள்ளச் சொன்னோம். கடைசியாக அண்ணனுடையதைப் பிரித்தேன். சாக்கு முழுக்க வெள்ளை முளை. மூணு மூட்டையும் அப்படியே. ரெண்டு தடவை எண்ணினேன். முதலாளி எட்டிப்பார்த்து, "இதுவும் மேற்கால நின்னதுதானே?" என்றார்.

நின்றதுதான். வெளியே அந்த மூலையில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் நிழல் காப்பாற்றியிருக்கலாம். அடி வரிசையில் இருந்ததால் சூடு ஏறாமல் போயிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளி அதைக் கண்டமங்கலத்துக்காரர் ஒருவருக்கு விதைக்கக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த முடிவை அட்டையில் எழுதி, மாடியேறிப் போய் டீச்சரிடம் நீட்டினேன். எல்லா வேலையையும் நான் கெடுத்துவிட்டேன், இனி முதலிலிருந்துதான் என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"முதல்லேர்ந்து எதுக்குக்கா? புதுக் கட்டம் நிச்சயத்தைக் கலைக்காது. புது அட்டை கலைக்கும். இது மேற்குல நின்ன அட்டைகளை மட்டும்தான் தொடுது. அதுங்களை மட்டும் எழுப்புவோம்." ரெண்டாவது டப்பாவிலிருந்து அதே அடையாளம் உள்ள மேற்கு அட்டைகளை எடுத்து, அண்ணன் அட்டையோடு சேர்த்து மூணாவதில் போட்டார். மற்றவை தூங்கின. கால் நாழிகை வேலைகூட இல்லை. "இதைத்தான் நான் மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன்" என்றார்.

ஐப்பசியில் அண்ணன் ஒரு பை பச்சை மல்லாட்டையோடு வந்தான். முதலாளியின் விதை அவன் நிலத்தில் நன்றாகக் காய்த்திருந்தது. பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "வேகவச்சிக் குடும்மா. அதுக்குக் குடுக்கறதுன்னா முன்னாடி சாக்குல சுருட்டி நாலு நாளு வச்சிட்டுக் குடு." அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார். நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். அதன் பிறகு எந்த நல்ல காரியத்திலும், "என் நல்ல வெதய எவனுக்கோ தாரை வார்த்தவ" என்று என்னை அறிமுகப்படுத்தாமல் அவன் விட்டதில்லை.

டீச்சர் ஆராய்ச்சியை முடித்து மெட்ராஸுக்கே மாற்றல் வாங்கிப் போனார். அட்டைகளையும் ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டார், மூணாவதில் ஒரே ஒரு அட்டையைப் போட்டு என்னிடம் விட்டுப் போனார். அதில் ஊசி, நூல், பழைய சாவிகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. அடியில் அண்ணனுடைய அட்டை. முன்பக்கம் யாருடையதோ கல்யாணத்தின் பாதி முகூர்த்தம். பின்பக்கம் என் கோணல் எழுத்தில், களத்தில் காய்ந்தது, ரோஸ், மேற்கு, முளைத்தது.

இப்போதும் எதற்காவது நெஞ்சு அடித்துக்கொண்டால், பழைய கவலையெல்லாம் வரிசையில் எழுந்து வந்து நிற்கும். இது யாரைத் தொடுகிறது என்று கேட்டுப்பார்ப்பேன். சில நாள் மற்றவை திரும்பிப் படுத்துக்கொள்ளும். சில நாள் ஒன்றுகூடப் படுக்காது. அப்போது டப்பாவைத் திறந்து ஊசியைத் தேடுகிற சாக்கில் அந்த அட்டையை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.